ஹோஸைக் கழற்றினால் இறுகுது, விடிஞ்சா விட்டுடுது: எம்105 டிரெய்லரின் ஏர் பிரேக்

கேள்வி: அமெரிக்க ராணுவம் கழித்துவிட்ட எம்105ஏ2 ஒன்றரை டன் டிரெய்லரை ஏலத்தில் எடுத்து, எம்35ஏ2 லாரியில் மாட்டி இழுத்து வந்தேன். ஹோஸ்களைக் கழற்றியதும் சக்கரம் இறுகிவிட்டது. காலையில் பார்த்தால் தானாக விட்டிருக்கிறது. கோளாறா? கைப்பிரேக் இல்லாமல் நிறுத்தலாமா?

பதில்: இறுகியது சரி. இரவுக்குள் விட்டதும் இந்த வண்டியில் நடக்கக்கூடியதுதான். அதனால்தான் கைப்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைக்காமல் இதை நிறுத்தவே கூடாது.

இன்றைய கனரக டிரெய்லர்களில் காற்று போனால் ஸ்பிரிங் பிரேக்கைப் பிடித்துக்கொள்ளும். எம்105-இல் அந்த ஸ்பிரிங் இல்லை. நிறுத்திப் பிடிப்பதும் காற்றுதான். எமர்ஜென்சி ஹோஸ் வழியாக லாரியின் காற்று டிரெய்லர் டேங்கை நிரப்புகிறது. நீங்கள் பெடலை மிதிப்பதைச் சொல்வது சர்வீஸ் ஹோஸ். இரண்டும் சேரும் இடம் ரிலே எமர்ஜென்சி வால்வு. எமர்ஜென்சி ஹோஸில் காற்று விழுந்தால், டேங்கில் உள்ளதை வால்வு பிரேக் சேம்பருக்கு (காற்றழுத்தத்தைத் தள்ளுவிசையாக மாற்றும் அறை) திறந்துவிடும். டேங்க் கசிந்து காலியானால் பிடியும் போச்சு.

சேம்பரிலிருந்து அந்தப் பக்கம் காற்று கிடையாது. அதன் புஷ் ராடு (தள்ளுகம்பி) ஆயிலை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரைத் தள்ள, அங்கிருந்து சக்கரத்தில் ஷூவை விரிக்கும் வீல் சிலிண்டர் வரை பிரேக் ஆயில். பலர் காற்றுப் பக்கத்தையே நோண்டிக்கொண்டிருக்க, கோளாறு இங்கே ஒளிந்திருக்கும்.

சோதிக்க: கட்டை போட்டு, ஹோஸ்களை மாட்டி, லாரியின் பின்பக்கக் குழாய் அடைப்பான்கள் இரண்டையும் திறங்கள். இவை மூடியிருப்பதை மறந்து வால்வை மாற்றியவர்கள் உண்டு. கேஜ் 90 பிஎஸ்ஐ தாண்டியதும், கைப்பிரேக்கை விட்டு, ஒருவரைப் பெடலை மிதிக்கச் சொல்லி நீங்கள் புஷ் ராடைப் பாருங்கள். மிதித்தால் வெளியே வர வேண்டும். விட்டால் வால்வு ஒருமுறை 'புஸ்' என்று காற்றை விட்டு, ராடு முழுதாக உள்ளே போக வேண்டும். அடுத்து எமர்ஜென்சி ஹோஸை மட்டும் கழற்றுங்கள். உடனே பிடிக்க வேண்டும். பிடித்த நிலையில் மூட்டுகளுக்குச் சோப்புத் தண்ணீர் தடவினால் கசிவு தெரியும். முதலில் கப்ளிங் (ஹோஸ் மாட்டும் இணைப்பு) ரப்பர் வாஷரைப் பாருங்கள், அது சில்லறைக் காசு. வால்வின் வெளியேற்று வாயில் விடாமல் சீறினால் உள்ளே அழுக்கோ கிழிந்த டயாஃப்ரமோ இருக்கும்.

ஹோஸ்களை மாற்றி மாட்டினால் வரும் குழப்பம் தனி. டேங்க் காலியாக இருந்தால் சக்கரம் சுதந்திரமாக ஓடும், பிரேக்கே இருக்காது. பெடலை மிதித்தால் டேங்கில் காற்று ஏறும். விட்டதும் பூட்டிக்கொண்டு நிற்கும். சிவப்பு எமர்ஜென்சி, நீலம் சர்வீஸ் என்று நீங்களே பெயின்ட் அடித்துவிடுங்கள்.

ஹோஸ் மாட்டியும் பிடி விடாவிட்டால் டேங்கின் அடியில் உள்ள வடிகுழாயைத் திறந்து காலியாக்குங்கள். அப்போது விட்டால் பழி வால்வு அல்லது ஹோஸ் மேல். விடாவிட்டால் வீல் சிலிண்டர் பிளீடரை (ஆயிலை வெளியேற்றும் திருகு) அரைச் சுற்று திறங்கள். ஆயில் பீய்ச்சி சக்கரம் விட்டால், மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் திரும்பிவரும் துளை அடைத்திருக்கிறது, அல்லது ரப்பர் ஹோஸ் உள்ளே ஊதியிருக்கிறது. ஒன்றும் நடக்காவிட்டால் ஷூ ட்ரம்மோடு துருவில் ஒட்டியிருக்கும், இல்லையேல் கைப்பிரேக் கேபிள் சிக்கியிருக்கும்.

ஆயில் ஊதா நிறமாக இருந்தால் அது சிலிக்கான் வகை, டாட் 5. வழக்கமான டாட் 3 ஆயிலை அதில் ஊற்றாதீர்கள். சிலிக்கான் தண்ணீரை உறிஞ்சாது. அதனால் நீர் சொட்டாக அடியில் தங்கி சிலிண்டரைத் துருப்பிடிக்க வைக்கும். நெடுநாள் நின்ற வண்டியென்றால் பழையதை முழுதும் வடித்துவிட்டே நிரப்புங்கள்.

காற்று வசதியில்லாத பிக்கப்பில் இழுத்தால் டிரெய்லருக்குப் பிரேக் கிடையாது, எமர்ஜென்சி பிடியும் கிடையாது. பல அமெரிக்க மாநிலங்கள் 3,000 பவுண்டுக்கு மேல் தனி பிரேக் கேட்கின்றன. சுமை ஏற்றினால் இந்த வண்டி அதைத் தாண்டிவிடும்.