ஆளில்லாத மேட்டுக்கு இரண்டு உறுப்பினர்கள்: ஓல்டு சேரம் தொகுதியும் சென்னை ஆளுநரும்

கேள்வி: நான் நுங்கம்பாக்கத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற வங்கி அலுவலர். மகளைப் பார்க்க இங்கிலாந்து செல்லவிருக்கிறேன். சென்னையில் ஆளுநராக இருந்த தாமஸ் பிட், இங்கே வாங்கிய வைரத்தை விற்ற பணத்தில் ஓல்டு சேரம் என்ற நாடாளுமன்றத் தொகுதியையே விலைக்கு வாங்கினார் என்று படித்தேன். திரும்பி வந்ததும் எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் இதைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இந்தச் செய்தி சரியா? மக்களே இல்லாத ஊரில் தேர்தல் எப்படி நடந்தது? அங்கே சென்றால் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: செய்தியில் பாதி சரி, பாதி தவறு. தாமஸ் பிட் அந்தத் தொகுதியை விலைக்கு வாங்கியது உண்மை. வைரத்தை விற்று வாங்கினார் என்பது தவறு. வைரம் அவர் கைக்கு வருவதற்கு ஏறத்தாழ பத்து ஆண்டுகளுக்கு முன்பே, 1691ஆம் ஆண்டை ஒட்டி, ஓல்டு சேரம் நிலங்களை அவர் சாலிஸ்பரி பிரபுவின் குடும்பத்திடமிருந்து வாங்கிவிட்டார். தங்கள் உரையில் இந்த வரிசையை மட்டும் சரியாக வைத்துவிட்டால், மற்றவை தாமாகவே ஒழுங்குக்கு வந்துவிடும்.

அப்படியானால் 1691இல் அவருக்குப் பணம் எங்கிருந்து வந்தது? அதுவும் இந்தியாவிலிருந்துதான் வந்தது, ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊதியமாக வரவில்லை. இந்திய வணிகத்தில் கம்பெனிக்கு ஏகபோக உரிமை இருந்த காலத்தில், 1670களில் ஒடிசாக் கடற்கரையிலுள்ள பாலாசோருக்கு வந்து, அந்த உரிமையைப் பொருட்படுத்தாமல் சொந்தமாக வணிகம் செய்தவர் பிட். கம்பெனி அவர்மீது வழக்குத் தொடுத்து அபராதமும் விதிக்கச் செய்தது. அந்த வணிகத்தில் சேர்ந்த செல்வத்தைக் கொண்டுதான் வில்ட்ஷயர் மாவட்டத்தில் நிலம் வாங்கி, நாடாளுமன்றத்துக்குள்ளும் நுழைந்தார். எதிர்த்து அடக்க முடியாதவரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதே மேல் என்று கருதிய கம்பெனி, பின்னர் அவரையே புனித ஜார்ஜ் கோட்டைக்கு ஆளுநராக அனுப்பியது. 1698 முதல் 1709 வரை அவர் அந்தப் பதவியில் இருந்தார். 1702இல் முகலாயத் தளபதி தாவூத் கான் சென்னையை முற்றுகையிட்டபோது கோட்டையைக் காத்தவரும், 1708இல் திருவொற்றியூர், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு ஆகியவற்றோடு தங்கள் நுங்கம்பாக்கத்தையும் கம்பெனிக்குப் பெற்றுத் தந்தவரும் இவரே. தங்கள் சங்கத்து உறுப்பினர்களுக்கு ஓல்டு சேரத்தைவிட இந்தச் செய்தி நெருக்கமாக இருக்கும் என்பதால், உரையை இங்கிருந்தே தொடங்குமாறு பரிந்துரைக்கிறேன்.

வைரத்தின் கதை ஆளுநர் காலத்தைச் சேர்ந்தது. சுமார் 410 காரட் எடையுள்ள பட்டை தீட்டாத கல்லை, 1702ஐ ஒட்டி, ஜம்சந்த் என்ற வணிகரிடம் 48,000 வராகனுக்கு, அதாவது ஏறத்தாழ 20,400 பவுண்டுக்கு, பிட் வாங்கித் தம் மகன் ராபர்ட் மூலம் லண்டனுக்கு அனுப்பினார். பட்டை தீட்டியபின் 141 காரட்டுக்குச் சற்றுக் குறைவாக நின்ற அந்தக் கல்லை 1717இல் பிரான்சின் ஆட்சிக் காவலராயிருந்த ஆர்லியன்ஸ் கோமகன் 135,000 பவுண்டுக்கு வாங்கினார். ‘ரீஜென்ட்’ என்ற பெயரில் அது இன்று பாரிஸ் நகரின் லூவர் அருங்காட்சியகத்தின் சேகரிப்பைச் சேர்ந்தது. வைரம் விற்ற அதே ஆண்டில் பிட் வாங்கிய பெருஞ்சொத்து கார்ன்வாலிலுள்ள பொக்கனாக் பண்ணை. வைரத்துக்கும் நிலத்துக்கும் தொடர்பு காட்ட விரும்பினால் பொக்கனாக்கைக் காட்டுங்கள்.

இனி, ஆளில்லாத ஊரின் தேர்தல். ஓல்டு சேரம் என்பது சாலிஸ்பரி நகருக்கு வடக்கே சுமார் 3 கிலோமீட்டர் தொலைவில், இரும்புக் காலத்து மண்கோட்டை ஒன்றின் மீது எழுந்த பழைய ஊர். நார்மன் மன்னர்கள் அங்கே கோட்டை கட்டினார்கள். பேராலயம் ஒன்றும் எழும்பி 1092இல் புனிதப்படுத்தப்பட்டது. ஆனால் உயர்ந்த மேடாகையால் தண்ணீர் போதவில்லை, காற்று கடுமையாக இருந்தது, கோட்டை வீரர்களுக்கும் பாதிரியார்களுக்கும் ஓயாத பூசலும் இருந்தது. 1220இல் கீழே ஆற்றங்கரையில் புதிய பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டதும், மக்களும் மெல்ல மெல்ல இறங்கி அங்கே குடியேறினார்கள். அந்தப் புதிய ஊரே இன்றைய சாலிஸ்பரி. ஊர் இடம் மாறியபோதும், நாடாளுமன்றத்துக்கு இருவரை அனுப்பும் உரிமை மேட்டை விட்டு இறங்கவில்லை. ஒருமுறை உரிமை பெற்ற ஊரின் மக்கள் தொகையை மீண்டும் எண்ணிப் பார்க்கும் வழக்கமோ, அதற்கான சட்டமோ இங்கிலாந்தில் அன்று இல்லை என்பதே இதற்குக் காரணம்.

எல்லா ஊர்களிலும் வாக்குரிமை ஒரே விதமாக இருந்ததென்று எண்ணிவிடக் கூடாது. தேர்தல் சீர்திருத்தச் சட்டம் வந்த 1832க்கு முன் ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு வழக்கம். சில ஊர்களில் உள்ளூர் வரி செலுத்தும் ஆண்கள் எல்லோருக்கும் வாக்கு உண்டு. சில ஊர்களில் நகராட்சிக் குழுவினருக்கு மட்டுமே உண்டு. ஓல்டு சேரம் மூன்றாவது வகை. பழைய ஊரின் எல்லைக்குள் குறிப்பிட்ட சில மனைகள் இருந்தன. அந்த மனைகளின் உரிமையாளர் எவரோ அவருக்கே வாக்கு. மனையில் வீடு இருக்க வேண்டியதில்லை, அதில் தானியமோ காய்கறியோ விளைந்தாலும் போதும். உரிமையாளர் அந்த ஊரில் வசிக்க வேண்டியதும் இல்லை. வாக்கு மனிதரிடம் இல்லாமல் மண்ணில் ஒட்டிக்கொண்டிருந்தது என்பதால், மண்ணை விற்றால் வாக்கும் கூடவே விலைபோயிற்று. மனைகள் முழுவதையும் ஒருவரே வாங்கிவிட்டால், தேர்தலுக்குச் சற்று முன்பாகத் தமக்கு நம்பிக்கையான சிலரின் பெயரில் அவற்றை எழுதிவைத்து, அவர்கள் வாக்களித்து முடித்ததும் பத்திரங்களைத் திரும்பப் பெற்றுக்கொள்வார். தேர்தலை நடத்தும் அலுவலரை நியமித்ததும் அந்த நிலத்தின் பிரபுவே. வாக்கு வெளிப்படையாக அளிக்கப்பட்டது. இரகசிய வாக்கெடுப்புக்கான சட்டம் 1872இல்தான் வந்தது. ஆகவே இங்கே லஞ்சத்துக்கோ மிரட்டலுக்கோ தேவையே எழவில்லை. நடந்தது அத்தனையும் சட்டத்துக்கு உட்பட்டது என்பதைத் தங்கள் கேட்போருக்கு அழுத்திச் சொல்லுங்கள். இந்தத் தொகுதியின் வரலாற்றில் எனக்கு மிகுந்த மனவேதனை தரும் செய்தி அதுதான்.

வாக்குப்பதிவு நடந்த இடம் ஒரு வயல். அங்கே நின்ற எல்ம் மரத்தடியில் சிலர் கூடுவார்கள், பெயர்களை முன்மொழிவார்கள், பெரும்பாலும் போட்டியின்றியே முடிவு அறிவிக்கப்படும். அந்த மரத்தை ‘நாடாளுமன்ற மரம்’ என்றே அழைத்தார்கள். 1831இல் அந்தத் தொகுதியின் வாக்காளர்கள் மொத்தம் 11 பேர். அனைவரும் வேறு ஊர்களில் வசித்த நிலவுடைமையாளர்கள். அதே ஆண்டில் மான்செஸ்டர், பர்மிங்காம், லீட்ஸ் ஆகிய தொழில் நகரங்களுக்குச் சொந்தமாக ஓர் உறுப்பினர்கூட இல்லை. உரைக்கு ஒரே ஒரு ஒப்பீடு போதுமென்றால், இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தொகுதியின் தேர்தல் வரலாறு என்பது வாக்கு எண்ணிக்கைகளின் வரலாறு அன்று. உரிமையாளர்கள் யாரை அமர்த்தினார்கள் என்பதன் வரலாறு. ஆளுநர் பதவியிலிருந்து நீக்கப்பட்டு ஊர் திரும்பிய தாமஸ் பிட் 1710இல் இந்தத் தொகுதியின் உறுப்பினராகவே மக்களவைக்குள் மீண்டும் வந்தார். அவருடைய மகன் ராபர்ட்டும் இந்தத் தொகுதிக்கு உறுப்பினராக இருந்தார். ராபர்ட்டின் மூத்த மகன் தாமஸ் 1734 பொதுத்தேர்தலில் ஓக்ஹாம்ப்டன், ஓல்டு சேரம் ஆகிய இரண்டு தொகுதிகளிலும் தேர்வாகி, ஓக்ஹாம்ப்டனை வைத்துக்கொண்டார். காலியான ஓல்டு சேரம் இடத்துக்கு 1735 பிப்ரவரியில் வந்தவர் அவருடைய தம்பி, அப்போது 26 வயதே ஆன வில்லியம் பிட். ஏழாண்டுப் போரின்போது பிரிட்டனை வழிநடத்தியவரும் பின்னாளில் சாத்தம் பிரபுவானவரும் இவரே. இத்தகைய தொகுதிகள் அரசியலமைப்பின் அழுகிய பகுதி என்றும், அது ஒரு நூற்றாண்டுகூடத் தாங்காது என்றும் 1766இல் மக்களவையில் கூறியவரும் இவர்தான். குடும்ப மேட்டின் வழியாக அவைக்குள் நுழைந்தவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததை நான் போலித்தனம் என்று கொள்ளமாட்டேன். உள்ளிருந்து பார்த்தவருக்குத் தெரிந்த உண்மை அது. அவருடைய மகன் இளைய பிட், பிரதமராக இருந்தபோது 1785இல் 36 சிறு தொகுதிகளை அவற்றின் உரிமையாளர்களுக்கு ஈட்டுத்தொகை கொடுத்து ஒழிக்க ஒரு திட்டம் கொண்டுவந்தார். 174க்கு எதிராக 248 வாக்குகளால் அவை அதை மறுத்துவிட்டது.

பின்னர் தொகுதி கேம்ல்ஃபோர்டு பிரபு என்ற பட்டம் பெற்ற பிட் கிளையினரிடம் சென்றது. 1801இல் இரண்டாம் கேம்ல்ஃபோர்டு பிரபு அங்கே அமர்த்தியவர் ஜான் ஹார்ன் டூக். 1794இல் தேசத்துரோக வழக்கில் விடுதலையான சீர்திருத்தவாதி அவர். முன்பு பாதிரியாராகவும் இருந்தவர். அவரை வெளியேற்ற விரும்பியவர்கள், பாதிரியார்கள் மக்களவையில் அமரக் கூடாது என்று அதே ஆண்டில் ஒரு சட்டமே இயற்றினார்கள். இருப்பினும் அந்த அவை கலையும் வரை அவர் தம் இடத்தில் இருந்தார். தனியொருவரின் தொகுதி சில வேளைகளில் வேறெங்கும் இடம் கிடைக்காத கலகக் குரலுக்கும் வழிவிட்டது என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால் அதுவும் உரிமையாளரின் விருப்பத்தைப் பொறுத்தே நடந்தது என்பதை மறக்கலாகாது.

1802இல் கேலடன் பிரபு இந்தத் தொகுதியை 60,000 பவுண்டுக்கு வாங்கினார். மேட்டு நிலத்தின் குத்தகை வருமானத்தை வைத்துப் பார்த்தால் இந்த விலைக்குப் பொருளே இல்லை. கொடுத்த பணம் இரண்டு இடங்களுக்காகவே. கேலடன் குடும்பத்தின் செல்வமும் கம்பெனிப் பணியில் இந்தியாவில் திரண்டதுதான். அவர்கள் காலத்தில் பின்னாளில் நிதியமைச்சரான நிக்கோலஸ் வான்சிட்டார்ட் 1802 முதல் 1812 வரை இங்கே உறுப்பினராக இருந்தார். வங்காள ஆளுநராயிருந்த ஹென்றி வான்சிட்டார்டின் மகன் அவர். இறுதியாக அந்த இரண்டு இடங்களிலும் இருந்தவர்கள் அலெக்சாண்டர் என்ற குடும்பப் பெயர் கொண்ட கேலடன் குடும்பத்தினர். ஆக, பிட் வாங்கிய நாள் முதல் தொகுதி மறைந்த நாள் வரை ஓல்டு சேரத்தை வாங்கிய பணத்தில் இந்திய வணிகத்தின் பங்கு இருந்தது என்று தாங்கள் உறுதியாகச் சொல்லலாம். வைரக் கதையைவிட இது வலுவான செய்தி.

1831 மார்ச் 1 அன்று ஜான் ரஸ்ஸல் பிரபு தேர்தல் சீர்திருத்த மசோதாவை மக்களவையில் அறிமுகப்படுத்தியபோது, வெளிநாட்டார் ஒருவரைப் பச்சை மேடு ஒன்றின் முன் நிறுத்தி, இது நாடாளுமன்றத்துக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்புகிறது என்று சொன்னால் அவர் என்ன நினைப்பார் என்று கேட்டார். அந்த மசோதா இரண்டாம் வாசிப்பில் 301க்கு எதிராக 302 என்று ஒரே வாக்கில் பிழைத்து, பிறகு தோற்று, பிரபுக்கள் அவையிலும் மறுக்கப்பட்டு, நாடெங்கும் கொந்தளிப்பு எழுந்தபின் 1832 ஜூன் மாதத்தில் சட்டமானது. முற்றிலும் நீக்கப்பட்ட 56 தொகுதிகளில் ஓல்டு சேரமும் ஒன்று. உரிமையாளர்களுக்கு ஈட்டுத்தொகை எதுவும் தரப்படவில்லை. வாக்கு என்பது ஒருவரின் சொத்து அன்று என்ற கொள்கை அன்றுதான் சட்டத்தில் இடம்பெற்றது.

உரையில் தவிர்க்க வேண்டிய இரண்டு குழப்பங்கள் உள்ளன. ஆற்காட்டு நவாபுக்குக் கடன் கொடுத்துச் செல்வம் சேர்த்த பால் பென்ஃபீல்டு பல தொகுதிகளில் இடம் வாங்கியதை எட்மண்ட் பர்க் 1785இல் மக்களவையில் கடுமையாகக் கண்டித்தார். அது வேறு கதை, ஓல்டு சேரத்தோடு அதை இணைக்க வேண்டாம். அடுத்து, சாலிஸ்பரி நகரமும் அக்காலத்தில் நியூ சேரம் என்ற பெயரில் தனியாக இரண்டு உறுப்பினர்களை அனுப்பியது. தாமஸ் பிட் அந்தத் தொகுதிக்கும் உறுப்பினராக இருந்திருப்பதால், பழைய பட்டியல்களைப் படிக்கும்போது எந்த சேரம் என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

பார்க்க வேண்டியவற்றுக்கு அரை நாள் போதும். லண்டன் வாட்டர்லூ நிலையத்திலிருந்து சாலிஸ்பரிக்கு நேரடி ரயில் உண்டு; அங்கிருந்து பேருந்தில் மேட்டுக்குச் செல்லலாம். கோட்டையின் இடிபாடுகளையும், தரையோடு தரையாகத் தெரியும் பழைய பேராலயத்தின் அடித்தளத்தையும் பார்த்தபின், மேற்கே சரிவில் இறங்கி ஸ்ட்ராட்ஃபோர்டு சப் காசில் என்ற சிற்றூருக்கு நடந்து செல்லுங்கள். மரம் இன்று இல்லை. அது நின்ற இடத்தைக் குறிக்கும் கல் அந்தப் பக்கத்து வயல்வெளியில் உள்ளது. பலர் தவறவிடுவது அவ்வூரின் புனித லாரன்ஸ் தேவாலயத்தை. அதன் கோபுரத்தில், திருப்பணிக்குக் கொடையளித்தவர் என்று தாமஸ் பிட்டின் பெயரும் 1711 என்ற ஆண்டும் பெரிய எழுத்துகளில் பொறிக்கப்பட்டுள்ளன. அதை ஒரு படம் எடுத்துக்கொண்டால், நுங்கம்பாக்கத்தில் காட்டுவதற்கு உதவும்.