போனில் கேசினோ ஆடுகிறவர்களின் காசுக் கேள்விகள்: பிரிட்டன் விதிகள் என்ன சொல்கின்றன?

பிரிட்டனில் உரிமத்தோடு நடக்கும் ஓர் ஆன்லைன் கேசினோவின் பணப் பிரிவில் வேலை பார்த்திருக்கிறேன். டெபாசிட் ஏன் விழவில்லை, ஜெயித்த காசு ஏன் வரவில்லை, போனஸ் எங்கே போனது என்று நாள் முழுக்கக் கேட்பார்கள். இங்கே வந்திருக்கும் கேள்விகளும் பெரும்பாலும் அவைதான். ஆடுங்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. ஆடுகிறவர்களுக்குத் தங்கள் காசை எந்த விதி காக்கிறது, எந்த இடத்தில் எதுவும் காக்காது என்பது தெரிந்திருக்க வேண்டும். நீளமான கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன்.

ஈஸ்ட் ஹாமிலிருந்து: அண்ணா, ஜனவரியிலிருந்து போனஸ் விதி மாறிவிட்டது என்கிறார்கள். 100 பவுண்டு கட்டினால் 100 பவுண்டு போனஸ் என்றால் இப்போது லாபம்தானா?

2026 ஜனவரி 19 முதல், பிரிட்டனில் சூதாட்டத்துக்கு உரிமம் கொடுத்துக் கண்காணிக்கும் கேம்பிளிங் கமிஷன் இரண்டு விஷயங்களை மாற்றியிருக்கிறது. போனஸை எடுக்கும்முன் எத்தனை மடங்கு பந்தயம் ஆடித் தீர்க்க வேண்டும் என்பதை வேஜரிங் என்பார்கள். அதற்கு இப்போது 10 மடங்குதான் உச்சம். கால்பந்தில் பந்தயம் கட்டினால் ஸ்லாட் என்ற சுழல் ஆட்டத்தில் இலவச ஸ்பின் (ஒரு சுற்று) என்று ஓர் ஆட்டத்திலிருந்து இன்னோர் ஆட்டத்துக்கு இழுக்கும் சலுகைகளும் நின்றுவிட்டன.

இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது கணக்குப் போட்டால் தெரியும். முன்பு 35 மடங்கு கேட்பது சாதாரணம். 100 பவுண்டு போனஸுக்கு 3,500 பவுண்டு பந்தயம். ஒரு ஸ்லாட் 96 சதவீதம் திருப்பித் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 பவுண்டு ஆடினால் சராசரியாக 4 பவுண்டு போகும். 3,500க்கு 140 பவுண்டு. அதாவது 100 பவுண்டு போனஸை வாங்க, சராசரியில் 140 பவுண்டு செலவு. அந்தக் காலத்துப் போனஸ்களில் பெரும்பாலானவை ஆடுகிறவருக்கு நட்டம் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். இப்போது 10 மடங்கு என்றால் 1,000 பவுண்டு பந்தயம், சராசரி இழப்பு 40. காகிதத்தில் 60 பவுண்டு மிஞ்சுகிறது.

ஆனால் தம்பி, சராசரி என்பது ஆயிரக்கணக்கான பேரைச் சேர்த்துப் பார்த்தால் வருவது. ஒரு ராத்திரியில் உங்கள் ஒருவர் கையில் அது அப்படியே வராது. ஸ்பின்னுக்கு ஒரு பவுண்டு வைத்தால் 1,000 ஸ்பின். ஒரு ஸ்பின்னுக்குக் குறைந்தது இரண்டரை விநாடி ஆக வேண்டும் என்பது 2021 அக்டோபர் முதல் விதி. ஆக நாற்பது நிமிடத்துக்கு மேல் இடைவிடாமல் திரையைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டும். பாதியிலேயே எல்லாம் தீர்ந்துபோகிறவர்கள்தான் ஏராளம். அப்போது போனஸோடு நீங்கள் கட்டிய 100 பவுண்டும் போயிருக்கும்.

சின்ன எழுத்தில் மூன்று வரிகளைத் தேடிப் படியுங்கள்: போனஸ் காலாவதியாகும் நாள், ஒரு ஸ்பின்னுக்கு அனுமதிக்கும் அதிகபட்சத் தொகை, ஜெயித்ததில் எவ்வளவு வரை எடுக்கலாம் என்ற உச்சம். இலவச ஸ்பின்களில் கடைசி வரிதான் பலரை ஏமாற்றுகிறது.

டூட்டிங்கிலிருந்து: போனஸ் எடுத்துவிட்டேன். என் சொந்தக் காசையும் ஆடி முடித்தால்தான் எடுக்கலாம் என்று சாட்டில் சொல்கிறார்கள். உண்மையா?

இல்லை. போட்டி, சந்தைகள் ஆணையமான சிஎம்ஏ இதைத்தான் விசாரித்தது. 2018இல் வில்லியம் ஹில், லாட்புரோக்ஸ், பிடி என்டர்டெயின்மென்ட் ஆகியவை தங்கள் நடைமுறையை மாற்ற ஒப்புக்கொண்டன. கட்டிய காசில் ஆடாமல் மிஞ்சியது எப்போதும் உங்களுடையது. எடுத்தால் போனஸ் ரத்தாகும், அவ்வளவுதான்.

கணக்குப் பக்கத்தில் ரொக்க இருப்பும் போனஸ் இருப்பும் தனித்தனியாகக் காட்டியிருக்கும். பெரும்பாலான இடங்களில் முதலில் கரைவது உங்கள் ரொக்கம். அதில் நல்ல தொகை ஜெயித்தால் அந்த நிமிடமே போனஸை விட்டுவிட்டு எடுத்துக்கொண்டு கிளம்பலாம். இந்த உரிமை தெரியாமல் போனஸ் போய்விடுமே என்று உட்கார்ந்து ஆடி, கையில் வந்ததை விட்டவர்களின் கணக்குகளை நிறையப் பார்த்திருக்கிறேன். இன்றைக்கும் மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

சாட்டில் மறுத்தால், ‘என் ரொக்க இருப்பை எடுக்க வேண்டும், போனஸ் வேண்டாம்’ என்று எழுத்தில் கேளுங்கள். திரையைப் படம் பிடித்து வையுங்கள்.

லெஸ்டரிலிருந்து: ஒரு ஆப்பில் கிரெடிட் கார்டு எடுக்கிறது. 400 சதவீதம் போனஸ். ‘கேம்ஸ்டாப்பில் இல்லை’ என்று அதையே பெருமையாகப் போட்டிருக்கிறான். நல்ல தளமா?

பக்கத்திலேயே போகாதீர்கள். கேம்ஸ்டாப் என்பது, உரிமம் உள்ள தளங்களில் ஆடாமல் ஒருவர் தன்னைத்தானே தடுத்துக்கொள்ளும் பதிவு. 2020 ஏப்ரல் 14 முதல் பிரிட்டனில் உரிமம் பெற்ற எந்த நிறுவனமும் ஆன்லைன் சூதாட்டத்துக்குக் கிரெடிட் கார்டு வாங்கக் கூடாது. பேபால் போன்ற வாலட்டில் கிரெடிட் கார்டைப் போட்டு அந்த வழியாக வருவதும் அடைபட்டது. ஆகவே கிரெடிட் கார்டு ஏற்கிறது என்பதே உரிமம் இல்லை என்பதற்குச் சாட்சி. ஸ்லாட் தானாகச் சுற்றுகிறது, 40 மடங்கு வேஜரிங் கேட்கிறான் என்றாலும் அதே சாட்சிதான்.

உரிமம் உள்ள தளத்தின் அடியில் கேம்பிளிங் கமிஷனின் பெயரும் கணக்கு எண்ணும் இருக்கும். அந்த எண்ணைக் கமிஷனின் பொதுப் பதிவேட்டில் நீங்களே தட்டிப் பாருங்கள். தளத்தில் இருக்கும் முத்திரைப் படத்தை மட்டும் நம்ப வேண்டாம், படத்தை யாரும் ஒட்டலாம்.

உரிமம் இல்லாதவன் ஜெயித்த காசைத் தராவிட்டால் இங்கே புகார் கேட்க ஆள் இல்லை. அதைவிடப் பெரிய கொடுமை, ‘கேம்ஸ்டாப்பில் இல்லை’ என்ற விளம்பரம் யாரைத் தேடி வருகிறது என்பது. சூதை நிறுத்த வேண்டும் என்று தன்னைத்தானே தடுத்துக்கொண்ட மனிதரைக் குறிவைத்து வருகிறது. எனக்கு இதில் நடுநிலை கிடையாது. இது அயோக்கியத்தனம்.

கிராய்டனிலிருந்து: போன் பில்லில் கட்டும் வசதி எப்படி? கார்டு விவரமே கொடுக்க வேண்டாமே.

போக்கு (Boku) போன்ற சேவைகள் இதைச் செய்கின்றன. தொகை உங்கள் மாத பில்லில் ஏறும், அல்லது ப்ரீபெய்டு இருப்பில் கழியும். நாளொன்றுக்கு 30 பவுண்டு என்ற அளவில்தான் விடுவார்கள். உள்ளே போகும் வழி மட்டுமே இது. ஜெயித்ததை போன் பில்லுக்குத் திருப்பி அனுப்ப முடியாது. அதற்கு எப்படியும் வங்கிக் கணக்கைத்தான் காட்ட வேண்டும். பல இடங்களில் இந்த வழியில் கட்டினால் வரவேற்பு போனஸும் கிடையாது.

மாத பில் என்றால் இது கடன்தான். கிரெடிட் கார்டை மூடிவிட்டு இந்த வாசலைத் திறந்து வைத்திருப்பது எனக்கு ஒப்பவில்லை. மூட வேண்டும் என்பதே என் கருத்து.

ஹாரோவிலிருந்து: ஆப்பிள் பே, பேபால், ஸ்க்ரில், டெபிட் கார்டு. எதில் கட்டினால் காசு வேகமாகத் திரும்பும்?

எந்த வழியில் கட்டினீர்களோ அதே வழியில்தான் முதலில் திருப்பி அனுப்புவார்கள். கறுப்புப் பணத் தடுப்புக்காக வந்த நடைமுறை இது. ஆகவே எடுக்கும் வசதியைப் பார்த்துக் கட்டும் வழியைத் தேர்ந்தெடுங்கள். பேபாலும் வேகமான விசா டெபிட்டும் நிறுவனம் ஒப்புதல் கொடுத்தபின் சில மணி நேரத்திலேயே வந்துவிடும். தாமதம் பெரும்பாலும் அந்த ஒப்புதலில்தான். ஆப்பிள் பே, கூகுள் பே இரண்டுக்கும் பின்னால் இருப்பது உங்கள் டெபிட் கார்டுதான். ஸ்க்ரில், நெட்டெல்லர் ஆகிய வாலட்களில் கட்டினால் போனஸ் இல்லை என்பது பல தளங்களில் எழுதாத விதி அல்ல, எழுதியே வைத்திருக்கும் விதி. பேசேஃப்கார்டு வவுச்சரில் கட்டுகிறவர்கள் எடுக்கும் வழியை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பழையபடி எடுக்கக் கேட்ட காசை ‘ரத்து செய்து மறுபடி ஆடு’ என்று பொத்தான் வைத்து ஆசை காட்ட முடியாது. 2021 அக்டோபர் 31 முதல் அது நிரந்தரமாகத் தடை. கமிஷன் செய்ததில் மிக நல்ல காரியம் இதுவே என்பேன்.

அதே நண்பர்: மனைவியின் கார்டில் கட்டிவிட்டேன். கூட்டுக் கணக்குக்கூட இல்லை.

அவரே சம்மதித்திருந்தாலும் சிக்கல். ஆட்டக் கணக்கின் பெயரும் கார்டின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே போட்டிருப்பார்கள். இல்லையென்றால் ஜெயித்ததை நிறுத்தி வைப்பார்கள். எடுக்கக் கேட்கும்முன் நீங்களே எழுதிச் சொல்லுங்கள், கட்டியதை அந்தக் கார்டுக்கே திருப்பச் சொல்லுங்கள்.

மில்டன் கீன்ஸிலிருந்து: ஆடும்போது ஒன்றும் கேட்கவில்லை. 1,200 பவுண்டு எடுக்கப் போனால் பாஸ்போர்ட், பேஸ்லிப், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் கேட்கிறான். கொடுக்க வேண்டுமா?

பெயர், முகவரி, பிறந்த தேதியை ஆட விடும்முன்பே சரிபார்க்க வேண்டும் என்பது 2019 மே மாதத்திலிருந்து விதி. முன்பே கேட்டிருக்கக் கூடிய ஆவணத்தை, காசை எடுக்கும் நேரத்தில் நிபந்தனையாக வைக்கக் கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. கறுப்புப் பணத் தடுப்புச் சட்டம் கட்டாயப்படுத்தும் விசாரணை மட்டும் விலக்கு. பேஸ்லிப்பும் ஸ்டேட்மென்ட்டும் பெரும்பாலும் அதற்காகத்தான். அதனால் பாஸ்போர்ட் விஷயத்தில் ‘ஏன் அப்போதே கேட்கவில்லை’ என்று புகார் எழுதுங்கள், வருமானச் சான்றைக் கொடுத்துவிடுங்கள். மறுத்தால் இழுத்துக்கொண்டே போகும்.

2025 பிப்ரவரி 28 முதல் இன்னொரு சோதனையும் உண்டு. 30 நாளில் எடுத்தது போக 150 பவுண்டுக்கு மேல் கட்டியிருந்தால், திவால், நீதிமன்றக் கடன் தீர்ப்பு போன்ற பொதுப் பதிவுகளைப் பார்ப்பார்கள். அது உங்கள் கிரெடிட் ஸ்கோரைத் தொடாது.

சென்னையிலிருந்து படிக்க வந்த, 22 வயது மாணவர்: ஸ்லாட்டில் 2 பவுண்டுக்கு மேல் போக மாட்டேன் என்கிறது. நண்பனுக்கு 5 வரை போகிறது. லீவுக்கு ஊருக்குப் போனால் ஆடலாமா?

18 முதல் 24 வயது வரை ஸ்பின்னுக்கு 2 பவுண்டு உச்சம், 2025 மே 21 முதல். 25 வயதிலிருந்து 5 பவுண்டு, அதே ஆண்டு ஏப்ரல் 9 முதல். இந்த வரம்பு ஸ்லாட்டுக்கு மட்டும், ரூலெட்டுக்கும் பிளாக்ஜாக்குக்கும் இல்லை. அதனால் ‘ரூலெட் பரவாயில்லை’ என்று அந்தப் பக்கம் தாவாதீர்கள். ஊரில் ஆடக் கூடாது. இந்தியாவில் 2025 ஆகஸ்டில் நிறைவேறிய ஆன்லைன் கேமிங் சட்டம் காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை நடத்துவதைத் தடை செய்கிறது. வீட்டிலிருந்து ஃபீஸுக்கு வரும் கணக்கின் கார்டை ஆப்பில் சேர்க்காதீர்கள் தம்பி, சேர்த்திருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள்.

ஒருவர்: ஜெயித்ததற்கு வரி உண்டா?

ஆடுகிறவருக்கு இல்லை. நிறுவனம் கட்டும். அந்த ஆன்லைன் கேசினோ வரி முன்பு 21 சதவீதம், 2026 ஏப்ரல் முதல் 40 சதவீதம்.

வெம்பிளியிலிருந்து ஒரு தாய்: தம்பி, என் மகனுக்கு 27 வயது. சம்பளம் வந்த மறுநாளே கையில் ஒன்றும் இருப்பதில்லை. போனில்தான் ஆடுகிறான். இரண்டு தரம் நாங்கள் கடனை அடைத்தோம். நான் அவன் கணக்கைத் தடுக்க முடியுமா?

அம்மா, உங்கள் பெயரில் நீங்கள் தடுக்க முடியாது. அவரேதான் செய்ய வேண்டும். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து செய்ய வைக்கலாம். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

முதலில் கேம்ஸ்டாப். 2020 மார்ச் 31 முதல் உரிமம் பெற்ற எல்லா ஆன்லைன் நிறுவனங்களும் அதில் இருந்தே ஆக வேண்டும். ஆறு மாதம், ஓராண்டு, ஐந்தாண்டு என்று தேர்ந்தெடுக்கலாம், இடையில் மனம் மாறினாலும் நீக்க முடியாது. அவர் பயன்படுத்தும் எல்லா மின்னஞ்சல் முகவரியும், எல்லா போன் எண்ணும், பழைய வீட்டு முகவரியும் சேர்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள். ஒன்று விடுபட்டாலும் அந்த ஓட்டை வழியே போகலாம்.

அடுத்து வங்கி ஆப்பைத் திறக்கச் சொல்லுங்கள். மான்சோவும் ஸ்டார்லிங்கும் 2018இல் கொண்டுவந்த சூதாட்டத் தடைப் பொத்தான் இப்போது பெரும்பாலான வங்கிகளில் இருக்கிறது. போட்டால் உடனே மூடும், திறக்கக் கேட்டால் மான்சோவில் 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும். அந்த இரண்டு நாள்தான் பலரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் எல்லா வங்கியிலும் இது கார்டுக்கு மட்டும்தானா, நேரடி வங்கி மாற்றத்தையும் தடுக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவதாக கேம்பேன் என்ற ஆப், உரிமம் இல்லாத தளங்களையும் போனில் திறக்க விடாது. சூதாட்டத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவும் கேம்கேர் என்ற அமைப்பு வழியாகக் கேட்டால் காசு வாங்காமல் தருகிறார்கள்.

கேம்கேரின் 0808 8020 133 இலவச எண், 24 மணி நேரமும். மகன் பேச மறுத்தால் நீங்கள் பேசுங்கள், குடும்பத்தாருக்கும் அது உண்டு. என்ஹெச்எஸ் சூதாட்டச் சிகிச்சை மையங்களும் இங்கிலாந்தில் இருக்கின்றன. இது வளர்ப்பின் குறையில்லை, சிகிச்சை உள்ள நோய்.

மூன்றாம் முறை கடனை அடைப்பதாக இருந்தால் காசை மகன் கையில் கொடுக்காதீர்கள். ஸ்டெப்சேஞ்ச் என்ற இலவசக் கடன் ஆலோசனை அமைப்போடு பேசிவிட்டு, நேரே கடன் கொடுத்தவருக்குக் கட்டுங்கள்.

கடைசியாக, பர்மிங்ஹாமிலிருந்து: தளம் திவாலானால் என் இருப்பு என்னாகும்? புகார் யாரிடம்?

வங்கி வைப்புக்கு இருக்கும் பாதுகாப்பு இதற்கு இல்லை. பாதுகாப்பில்லை, நடுத்தரம், உயர்நிலை என்று மூன்று நிலைகளில் எது உங்களுக்கு என்பதை நிறுவனம் ஒப்பந்தத்தில் சொல்ல வேண்டும். ‘பாதுகாப்பில்லை’ என்றிருந்தால், மூழ்கும்போது உங்கள் காசும் சேர்ந்து மூழ்கலாம். இருப்பை அங்கே சேர்த்து வைக்காதீர்கள்.

புகார் முதலில் நிறுவனத்துக்கே, ‘புகார்’ என்ற சொல்லைப் போட்டு. எட்டு வாரம் அவகாசம். அதற்குள் முடியாவிட்டால், அல்லது முடிவு ஒப்பவில்லை என்றால், ஐபாஸ், ஈகோக்ரா போன்ற நடுவர் அமைப்புகளில் எது அவர்களுடையது என்று ஒப்பந்தத்தில் இருக்கும், அங்கே கொண்டுபோங்கள். உங்களுக்குச் செலவில்லை. கேம்பிளிங் கமிஷன் தனிநபர் காசை வாங்கித் தராது, ஆனாலும் அவர்களுக்கும் எழுதிப் போடுங்கள். ஒரே நிறுவனத்தின் மேல் பல கடிதங்கள் சேர்ந்தால் உரிமத்தைக் கையில் வைத்திருப்பது அவர்கள்தான்.