வெபர்ன் வாழ்நாள் முழுக்க எழுதியது சில மணி நேர இசைதானா?

ஆமாம். ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஆன்டன் வெபர்ன் எண்ணிட்டு வெளியிட்ட படைப்புகள் 31 மட்டுமே. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டாலும் பாதி நாள்கூட ஆகாது. ஆர்க்கெஸ்ட்ராவுக்கான அவருடைய ஐந்து துணுக்குகளில் (ஓபஸ் 10, அதாவது படைப்பு எண் 10) நான்காவது அரை நிமிடம்தான். சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு சுரம்கூட வீணாகக் கூடாது என்ற பிடிவாதம். முதல் தடவை கேட்டால் "அதற்குள் முடிந்துவிட்டதா?" என்றுதான் தோன்றும்.

1883-இல் வியன்னாவில் பிறந்தவர். 1904 முதல் இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கிடம் பயின்றார். இன்னொரு இசையமைப்பாளரான ஆல்பன் பெர்க் கூடப் படித்தவர். 1906-இல் முனைவர் பட்டம் வாங்கியது பழைய இசைமேதை ஹைன்ரிஷ் இசாக்கின் படைப்புகளை ஆராய்ந்து. பிற்காலத்தில் 12 சுர முறையில் (12 சுரங்களையும் ஒரு வரிசையாக அமைத்து அதை வைத்தே எழுதுவது) எழுதியபோதும், பல குரல்களைப் பின்னும் அந்தப் பழைய வேலைப்பாடு அவரை விடவில்லை.

சரி, சோற்றுக்கு? இசை நடத்துநர் வேலைதான். முதலில் சிறிய ஊர்த் தியேட்டர்களில் ஓப்பரெட்டா (இலகுவான இசை நாடகம்) நடத்தினார். அது அவருக்குப் பிடிக்கவே இல்லை. அப்புறம் 1922 முதல் வியன்னாவில் தொழிலாளர்களுக்கான சிம்பொனிக் கச்சேரிகள். 1934-இல் அவற்றுக்குப் பின்னால் இருந்த சமூக ஜனநாயகக் கட்சி தடை செய்யப்பட்டதும் அதுவும் போயிற்று. நாஜிகள் அவர் இசையைச் 'சீரழிந்த கலை' என்று ஒதுக்கினார்கள். இருந்தும் இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் அவர் ஹிட்லரை வியந்து கடிதம் எழுதியிருக்கிறார். இது எனக்கு இன்றும் உறுத்தும் விஷயம்.

போர் முடிந்து 1945 செப்டம்பர் 15 இரவு, ஆஸ்திரியாவின் மிட்டர்சில் ஊரில் சுருட்டுப் பிடிக்க வாசலுக்கு வந்தவரை அமெரிக்கச் சிப்பாய் ஒருவர் சுட்டுக் கொன்றுவிட்டார். கள்ளச்சந்தைக் குற்றத்துக்காக அவருடைய மருமகனைப் பிடிக்க வந்திருந்தார்கள்.