வலிக்கவில்லை என்பதுதான் கவலை

கேள்வி: அப்பாவுக்கு வயது 59. பதினோரு வருடமாகச் சர்க்கரை. இரும்புக் கடையில் வேலை. சுத்த சைவம். போன வாரம் கடையில் ஓர் ஆணி செருப்பைத் துளைத்துப் பாதத்தில் ஏறியிருக்கிறது. சாயங்காலம் வரை அவருக்குத் தெரியவே இல்லை. வீட்டுத் தரையில் ரத்தக்கறையைப் பார்த்து நான்தான் கேட்டேன். மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு, "வலியே இல்ல, விடும்மா" என்கிறார். முன்பு ராத்திரியில் பாதம் காந்துகிறது என்பார். இப்போது அதுவும் இல்லை. சுகர் எப்போதும் 200தானாம். மாத்திரையை வீட்டுக்கே வந்து தருகிறார்கள். எங்கள் தெருவில் ஒருவருக்குக் காலை எடுத்துவிட்டார்கள். இன்னொருவர் டயாலிசிஸுக்குப் போகிறார். சுகர் மாத்திரையால்தான் கிட்னி போனது என்கிறார். அப்பாவுக்கு அப்படி ஆகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? எனக்கு 33 வயது. மாசமாக இருந்தபோது எனக்கும் சுகர் வந்து, பிரசவத்துக்குப் பின் போய்விட்டது.
— வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: அன்புத் தங்கைக்கு, இதழ் அச்சாகி வரும்வரை காத்திருக்கக்கூடிய விஷயமில்லை என்பதால், அப்பாவை உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொல்லி உங்களுக்குத் தனியாகத் தகவல் அனுப்பச் சொன்னேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

ஆணி குத்திய காயம் வெளியே பொட்டு மாதிரிதான் தெரியும். ஆழம் உள்ளே இருக்கும். செருப்பின் ரப்பர் துணுக்கு உள்ளே தங்கியிருக்கலாம், கிருமி எலும்பு வரை போயிருக்கலாம். அதனால் காயத்தைத் திறந்து சுத்தம் செய்து, எக்ஸ்ரே பார்த்து, டெட்டனஸ் ஊசி தேவையா என்று முடிவு செய்ய வேண்டும். மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். புண் ஆறும்வரை அந்தக் காலை ஊன்றக் கூடாது. நம் ஊரில் மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு கடைக்கும் நடந்து போவார்கள். புண் எப்படி ஆறும்? பாதம் சிவந்து வீங்கினாலோ, கறுத்தாலோ, நாற்றம் அடித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும், ராத்திரியானாலும் சரி.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது, காந்தல் நின்றுவிட்டது என்ற வரி. பலர் அதைக் குணமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறார்கள். கூடுதல் சர்க்கரையால் நரம்பு கெடும்போது முதலில் எரிச்சல், ஊசி குத்துவது போன்ற உணர்வு வரும். இன்னும் கெட்டால் உணர்வே போய்விடும். ஆணி குத்தியும் தெரியாத கால் அந்தக் கட்டத்துக்கு வந்துவிட்ட கால். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மெஷின் வேண்டாம். அப்பாவைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழையைக் கட்டைவிரல் நுனியிலும் பாதத்தின் மேட்டிலும் டாக்டர் வைப்பார். எங்கே தொட்டேன் என்று கேட்பார். இழை வளைந்த பிறகும் அப்பா "எப்ப தொடுவீங்க டாக்டர்?" என்று கேட்டால் விஷயம் விளங்கிவிடும். கணுக்காலில் நாடித் துடிப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். உணர்வும் போய் ரத்த ஓட்டமும் குறைந்த காலைத்தான் பெரும்பாலும் எடுக்க வேண்டி வருகிறது. பீடி, சிகரெட் இருந்தால் அது இன்றோடு போக வேண்டும்.

மரத்துப்போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கு பி12 வைட்டமின் குறையலாம், சைவர்களுக்கு இன்னும் கூடுதலாக. அதுவும் நரம்பைக் கெடுக்கும், ஆனால் ஊசியோ மாத்திரையோ கொடுத்துச் சரிக்கட்டலாம். ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இனி அவர் காலை அவருக்குப் பதிலாக யாராவது கண்ணால் பார்த்தாக வேண்டும். தினமும் ராத்திரி படுக்கும் முன் உள்ளங்கால், விரலிடுக்கு, குதிகால் வெடிப்பு எல்லாவற்றையும் நீங்களோ அம்மாவோ பாருங்கள். ஆளில்லாத நாளில் தரையில் ஒரு கண்ணாடியை வைத்து அவரே பார்க்கட்டும். வெடிப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாம், விரலிடுக்கில் மட்டும் ஈரமோ எண்ணெயோ நிற்கக் கூடாது. கால் ஆணியை பிளேடால் சீவுவதும், வெந்நீரில் காலை வைப்பதும் கூடவே கூடாது. வெந்துபோனால்கூட அவருக்குத் தெரியாது. வெயில் நேரத்தில் கோயில் பிரகாரத்தில் வெறுங்காலோடு சுற்றி வந்து, உள்ளங்கால் முழுக்கக் கொப்புளத்தோடு வருகிறவர்களை ஒவ்வொரு கோடையிலும் பார்க்கிறேன். சாமி கும்பிட வேண்டாம் என்று யார் சொன்னது? விடியற்காலையில் போகட்டும். பின்வார் வைத்த எம்.சி.ஆர். (மெத்தென்ற ரப்பர்) செருப்பு வாங்குங்கள், கால் சற்று வீங்கியிருக்கும் சாயங்கால நேரத்தில் அளவு பார்த்து. அணியும் முன் உதறி, உள்ளே விரலால் தடவிப் பார்க்கட்டும். இரும்புக் கடையில் ஆணிக்கா பஞ்சம்? அங்கே தடித்த அடிப்பாகம் உள்ள மூடிய ஷூதான் சரி.

எப்போதும் 200தான் என்பது நல்ல செய்தி இல்லை. சராசரியே 200 என்றால், கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி ரத்தப் பரிசோதனையில் ஏறத்தாழ 8.6 சதவீதம் வரும். அவர் வயதில் பெரும்பாலானவர்களுக்கு 7ஐ ஒட்டி வைக்கச் சொல்வோம். அதற்காக நீங்களே மாத்திரையைக் கூட்டிவிடாதீர்கள். சர்க்கரை 70க்குக் கீழே இறங்கி வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் வந்தால் அது அந்த நிமிடத்து ஆபத்து. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்.

சர்க்கரையை மட்டும் பிடித்தால் போதாது என்று பிரிட்டனில் சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த யு.கே.பி.டி.எஸ். என்ற பெரிய ஆய்வு 1998லேயே காட்டிவிட்டது. ரத்த அழுத்தத்தை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குக் கண், சிறுநீரகம் போன்ற நுண் ரத்தக்குழாய் பாதிப்புகள் 37 சதவீதம் குறைந்தன, பக்கவாதம் 44 சதவீதம் குறைந்தது. நம்மவர்கள் சுகர் எவ்வளவு என்று மனப்பாடமாகச் சொல்வார்கள், பிரஷரைக் கேட்டால் விழிப்பார்கள். பொதுவாக 130/80க்குள் வைக்கப் பார்ப்போம். கொழுப்பு மாத்திரை எழுதிக் கொடுத்தால் அதையும் நிறுத்த வேண்டாம். இந்த நோயாளிகளுக்கு மாரடைப்புகூட நெஞ்சுவலி இல்லாமல் வரலாம்; திடீர் மூச்சுத்திணறலும் குளிர்ந்த வியர்வையும் வந்தால் வாயு என்று சோடா வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள்.

கிட்னிக்கு வருகிறேன். அதைக் கெடுப்பது கட்டுப்படாத சர்க்கரையும் பிரஷரும். சிறுநீரகம் பழுதான பிறகு மெட்ஃபார்மின் உடம்பில் தங்கிவிடும் என்பதால் டாக்டர்கள் அளவைக் குறைப்பார்கள், அல்லது நிறுத்துவார்கள். அதைப் பார்த்துத்தான் மாத்திரைமேல் பழி விழுகிறது. உண்மையில் பயப்பட வேண்டியது மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் வாங்கும் வலி மாத்திரைக்கும், என்ன சேர்த்திருக்கிறார்கள் என்றே தெரியாத பொடிகளுக்கும்தான். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் ஏறும்போது சிறுநீரகம் பாதிக்கு மேல் போயிருக்கலாம். அதற்கு முன்பே காட்டிக்கொடுப்பது, சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்று பார்க்கும் ஆல்புமின்–கிரியேட்டினின் விகிதம். அது 30க்கு மேல் இருந்து மறுபரிசோதனையிலும் அப்படியே வந்தால், சிறுநீரகத்தைக் காப்பாற்றும் மாத்திரைகளை அப்போதே தொடங்கலாம்.

கண்ணும் அப்படித்தான். பேப்பர் தெளிவாகப் படிக்கிறேன் என்பவரின் விழித்திரையிலும் ரத்தக்கசிவு இருக்கலாம். வருடம் ஒருமுறை சொட்டு மருந்து விட்டுக் கண்பாவையை விரித்துப் பார்க்க வேண்டும். அன்று சில மணி நேரம் பார்வை மங்கும், அதனால் பைக்கை அவர் ஓட்டக் கூடாது. நீங்கள் கூடப் போங்கள்.

2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டு வாசலுக்கு வருவது பெரிய உதவி. ஆனால் மாத்திரை வந்துவிடுகிறதே என்று ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல் இருந்துவிடுகிறார்கள். அப்பாவின் பிறந்தநாள் மாதத்தில் கண், சிறுநீர், பாதம் மூன்றையும் பார்ப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். எச்பிஏ1சி மூன்று மாதத்துக்கு ஒருமுறை, கட்டுக்குள் வந்தபின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. "எனக்கு ஒண்ணும் இல்லையே" என்று அவர் சொல்வார். சொல்லட்டும், கூட்டிப் போங்கள்.

கடைசி வரியில் உங்களைப் பற்றிப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். கர்ப்பத்தில் சர்க்கரை வந்து போனவர்களுக்குப் பின்னாளில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். உங்களுக்கு அப்பா வழியும் சேர்ந்திருக்கிறது. பிரசவத்துக்குப் பிறகு ஒருமுறையாவது பார்த்தீர்களா? அப்பாவோடு போகும் நாளிலேயே வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்து, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் கொடுங்கள். சரியாக இருந்தாலும் வருடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த குழந்தைக்கு யோசனை இருந்தால், அதற்கு முன்பே.