கை போகாத இடத்தில் அடித்த பாப் ரிவெட் ஏன் சீக்கிரமே ஆடுகிறது?

1.5 மி.மீ. தகடு இரண்டை 4.8 மி.மீ. அலுமினிய ரிவெட்டால் சேர்த்தேன், பெட்டியின் உள்ளே கை போகாது, சில மாதத்திலேயே கடகடவென்கிறது, இன்னும் பெரிய ரிவெட் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட வேண்டாம். தகடு வேலையில் நான் பார்த்தவரை ரிவெட் மேல் குற்றம் இருப்பது அபூர்வம். ஓட்டைதான் காரணமாக இருக்கும். பாப் ரிவெட் என்பது, நடுவில் உள்ள ஊசியைக் கன்னால் இழுத்தால் பின்பக்கம் உப்பி, ஒரு பக்கத்திலிருந்தே தகடுகளைப் பிடித்துக்கொள்ளும் ஆணி.

இதே புகாரோடு என்னிடமும் ஒரு பெட்டி திரும்பி வந்தது. வெளியே பார்த்தால் ரிவெட் தலை அழகாக உட்கார்ந்திருந்தது. சந்தேகத்தில் ஹாக்ஸா பிளேடால் ஒரு ரிவெட்டை நெடுக்காக இரண்டாக அறுத்தேன். இரண்டு தகடுக்கும் நடுவே நகக்கண் அளவு இடைவெளி. அந்த இடைவெளிக்குள் ரிவெட் உடல் மோதிரம் போல உப்பியிருந்தது. ட்ரில் போட்டபோது கிளம்பிய பிசிறு தகடுகளைச் சேரவிடவில்லை. கன் இழுக்கும்போது ரிவெட் எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கேதான் முதலில் உப்பும். நடுவில் உப்பிவிட்டால் அப்புறம் எவ்வளவு இழுத்தாலும் தகடு ஒட்டாது. ‘டக்’கென்று ஊசி முறியும், நாமும் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்வோம்.

ஆகவே இரண்டு தகடையும் சேர்த்தே ஓட்டை போடுங்கள். பிறகு பிரித்து, பெரிய பிட் ஒன்றைக் கையாலேயே இரண்டு சுற்று சுற்றிப் பிசிறை எடுங்கள். க்ளாம்ப் போட்டு இறுக்கிய பிறகே ரிவெட். 4.8 ரிவெட்டுக்கு ஓட்டை 4.9 மி.மீ. மொக்கை பிட்டும் ஆடுகிற கையும் சேர்ந்தால் அது முட்டை வடிவமாகிவிடும். ரிவெட் உடல் ஓட்டையை நிரப்பாது.

நீளத்திலும் பலர் ஏமாறுகிறார்கள். நீளமாக இருந்தால் பத்திரம் என்பது தப்பு. தகடுகளின் மொத்தக் கனம் உங்களுக்கு 3 மி.மீ.; ரிவெட் டப்பாவில் போட்டிருக்கும் பிடிப்பு அளவுக்குள் (அந்த ரிவெட் பிடிக்கக்கூடிய தகட்டுக் கனம்) அது வர வேண்டும். குட்டையாக இருந்தால் பின்பக்கம் தலை சரியாக உருவாகாது. நீளமாக இருந்தால் தலை தகட்டில் வந்து அழுந்தும் முன்பே ஊசி முறிந்துவிடலாம்.

வடிவமைப்பையே மாற்ற வாய்ப்பிருந்தால், கனம் வேறுபடும் தகடுகளில் மெல்லிய பக்கத்திலிருந்து அடியுங்கள், உப்பும் தலை கனமான தகட்டில் உட்காரட்டும். பிளாஸ்டிக்கும் உலோகமும் சேர்ந்தால் உலோகம் பின்பக்கம். ஓரத்திலிருந்து ஓட்டை மையம் ரிவெட் விட்டத்தைப் போல் இரண்டு மடங்காவது தள்ளி, அதாவது சுமார் 10 மி.மீ. இருக்கட்டும். தண்ணீர் படும் இடமென்றால் முனை மூடிய ரிவெட். அடிக்கடி கழற்ற வேண்டியதென்றால் ரிவெட் நட், அதாவது ரிவெட் போலவே ஓட்டையில் பொருத்தும் மரையுள்ள நட். வட்ட ஓட்டையில் அது போல்ட்டோடு சேர்ந்து சுற்றி உயிரை வாங்கலாம், அறுகோண ஓட்டையும் அதற்கேற்ற நட்டும் போட்டால் நிற்கும்.

இன்னொன்று. சாதாரண ரிவெட்டில் முறிந்த ஊசியின் தலை உள்ளே சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். அதிர்வில் கழன்று விழலாம். அதிர்வுள்ள இடத்துக்கு ஊசி உள்ளேயே பூட்டிக்கொள்ளும் வகை தனியாக உண்டு. நீங்கள் சொல்லும் கடகட சத்தம் அப்படி விழுந்த ஊசித் தலைகளாகவும் இருக்கலாம். எதையும் கழற்றும் முன் பெட்டியைச் சாய்த்து, அடியில் ஏதாவது உருள்கிறதா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.