கேலி நின்றது, நட்பு ஏன் வரவில்லை?

கேள்வி: நான் அரசுப் பள்ளியில் நான்காம் வகுப்பு ஆசிரியை. மூளை முடக்குவாதம் உள்ள ஒரு சிறுமி இவ்வாண்டு என் வகுப்பில் சேர்ந்தாள். பிள்ளைகள் அவளைப் போலவே நடந்தும் பேசியும் காட்டிக் கேலி செய்தபோது, "பாவம், அப்படிச் செய்யக் கூடாது" என்று கண்டித்தேன். கேலி நின்றுவிட்டது, ஆனால் அவளோடு யாரும் விளையாடுவதில்லை. நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அன்புள்ள ஆசிரியைக்கு,

கேலி நின்ற பிறகும் அவள் தனித்திருப்பதைக் கவனித்திருக்கிறீர்கள். அது எனக்கு மிகுந்த நம்பிக்கை அளிக்கிறது. முதலில் "பாவம்" என்ற சொல்லை விட்டுவிடுங்கள். பாவப்பட்டவளுக்குப் பிள்ளைகள் பையைத் தூக்கிக் கொடுப்பார்கள், வழிவிடுவார்கள், ஆனால் சண்டை போடமாட்டார்கள். 'காய்' விட்டுப் 'பழம்' விட முடியாத ஒருத்தியோடு ஒன்பது வயதில் நட்பு எப்படி வளரும்?

அவள் ஏன் அப்படி நடக்கிறாள், அது நமக்கும் ஒட்டிக்கொள்ளுமா என்பன போன்ற கேள்விகள் அவர்கள் மனத்தில் இருக்கும். அவற்றை அதட்டி அடக்கினால் அச்சமாக மாறிவிடும். பிறப்பதற்கு முன்போ, பிறக்கும்போதோ, பிறந்த சிறிது காலத்திலோ வளரும் மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் தசைகள் அவள் நினைத்தபடி இயங்குவதில்லை என்றும், இது தொற்றாது என்றும், பேச்சு மெதுவாக வருவதை வைத்து அவள் அறிவை அளக்கக் கூடாது என்றும் எளிய சொற்களில் விளக்குங்கள். ஆனால் அதற்கு முன் அவளிடமும் அவள் பெற்றோரிடமும் எதைச் சொல்லலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வகுப்பின் முன் அவளைக் காட்சிப்பொருளாக நிறுத்திவிடக் கூடாது.

மற்றக் குறைபாடுகளையும் பிள்ளைகளுக்குப் புரியவைக்க நீங்கள் நினைக்கலாம். ஆனால் கண்ணைக் கட்டி நடக்கச் செய்து பார்வையின்மையை உணர்த்தும் பயிற்சியில் எனக்கு உடன்பாடில்லை. ஐந்து நிமிடம் தடுமாறிய பிள்ளைக்கு அந்தத் தடுமாற்றம்தான் நினைவில் நிற்கும். ஆண்டுக்கணக்கில் பழகியவரின் திறமை தெரியாது. பிரெயில் புத்தகம் ஒன்றைத் தடவிப் பார்க்கக் கொடுத்து, ஆறு புள்ளிகளுக்குள் தமிழ் எழுத்துகள் எவ்வாறு அமைகின்றன என்று கண்டுபிடிக்கச் சொல்வது அதைவிட நல்லது.

நம் பேச்சையும் நாம் கவனிக்க வேண்டும். "காது என்ன செவிடா?" என்று அதட்டுவதும், "நொண்டிச் சாக்கு" என்று கடிந்துகொள்வதும் நம் வாயிலிருந்தே வருகின்றன; பிள்ளைகள் அவற்றை நம்மிடமிருந்துதான் கற்கிறார்கள்.

அவளைச் சிறப்புப் பள்ளிக்கு அனுப்பலாமே என்று யாரேனும் சொன்னால், 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உடைய, 6 முதல் 18 வயது வரையிலான குழந்தை அருகிலுள்ள பள்ளியிலேயே இலவசமாகப் படிக்க 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் உரிமை அளிக்கிறது என்று உறுதியாகச் சொல்லுங்கள். வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடமும் ஆலோசனை பெறுங்கள்.

விளையாட்டைப் பொறுத்தவரை, அவளும் சேர்ந்து ஆட விதிகளை எப்படி மாற்றலாம் என்று பிள்ளைகளிடமே கேளுங்கள். நம்மைவிட அவர்களுக்கு அது நன்றாக வரும். பல்லாங்குழியில் புளியங்கொட்டையை எடுத்துப் போட அவள் கை ஒத்துழைக்காவிட்டால், எந்தக் குழி என்று அவள் சொல்ல, தோழி எடுத்துப் போடட்டும்; கணக்கு அவளுடையதாக இருக்கட்டும். அவள் தோற்றாலும் தோற்கட்டும், யாரும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.