வானியலுக்கும் கிறிஸ்தவத்துக்கும் ஆகவே ஆகாதா?

பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று சொன்ன வானியலாளர் கலிலியோவை 1633-ல் கத்தோலிக்கத் திருச்சபை தண்டித்ததை வைத்துக் கேட்கிறீர்கள். அது பெரிய அநீதி, மறுபேச்சே இல்லை. ஆனால் வெறும் பகை என்று முடித்துவிட முடியாது.

1655-ல் இத்தாலியின் பொலோஞா நகரில், சான் பெத்ரோனியோ ஆலயத்தில் சுமார் 27 மீட்டர் உயரத்தில் வானியலாளர் காசினி ஒரு சிறு துளை அமைத்தார். அதன் வழியே விழும் சூரிய பிம்பம், தரையில் பதித்த 67 மீட்டர் நீளக் கோட்டை நண்பகலில் கடக்கும். ஈஸ்டர் தேதியைக் கணிக்க, இரவும் பகலும் சமமாகும் வசந்தகால நாள் துல்லியமாகத் தெரிய வேண்டுமே, அதற்குத்தான் இது. அப்புறம் அந்த பிம்பத்தின் அகலம் ஆண்டு முழுக்க எப்படி மாறுகிறது என்றும் அளந்தார்; சூரியன் தூரமாக இருக்கும்போது பிம்பம் சிறிதாகும். கிடைத்த அளவுகள், பூமி சூரியனை நீள்வட்டப் பாதையில் சுற்றுகிறது என்ற வானியலாளர் கெப்ளரின் கணக்கோடு ஒத்துப்போயின. இத்தனைக்கும், கெப்ளரின் வானியல் நூலொன்று 1619 முதலே திருச்சபையின் தடைப்பட்டியலில் இருந்தது!